துருவேறிய எஃகுப் பாலங்களைச் செப்பனிடுதல்

உலோகங்களைப் பற்றிக் கெடுக்கும் மாசுகளைக் குறிக்கத் தமிழிற் சொற்கள் பல உள. செம்பிற் படிவது களிம்பு. இரும்பிற் படிவது துரு. இத்துருவினையே ஈழத்துத் தமிழர் கறள் என வழங்குவர். சைவ சித்தாந்த நூலோர், உயிரை அநாதியே பற்றி நிற்கும் ஆணவ மலத்திற்குச் செம்பிற் களிம்பை உவமையாக எடுத்தாண்டமை யாவரும் அறிந்ததே. இரும்பின் துருவையும் அவ்வாறு கூறலாமோ எனின், வேதியியலார் வேறொன்று கூறுவர். இரும்பு நிலத்தினின்று தோண்டி எடுக்கப்படுங்கால் பெரிதும் உயிர்வளியோடு கூடிய தாதுவாகவே கிடைக்கின்றது. அத்தாதுவை உலையிலிட்டுப் பெருவெப்பத்தால் உயிர்வளியைப் பிரித்த பின்னரே அஃது இரும்பாகின்றது. அவ்வாறு வலிந்து பிரிக்கப்பட்ட இரும்பு, நீரும் காற்றும் கிடைத்தபொழுதெல்லாம் தன் பழைய நிலைக்கு மீள முயலுகின்றது. அம்மீட்சியே துரு எனப்படுவது. ஆகவே துரு, இரும்பின்மேல் வந்து படிந்த அழுக்கன்று. இரும்பே உருமாறிய நிலை என்க.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி அளவில் நிற்பதன்று. துருவினை அழுக்கு எனக் கருதுவோர் அதனைத் தேய்த்துவிட்டுப் பூச்சுப் பூசினாற் போதும் என்பர். இரும்பே போயிற்று என உணர்வோர், எவ்வளவு போயிற்று, எஞ்சியது சுமையைத் தாங்குமோ என வினவுவர். எஃகுப் பாலங்களைச் செப்பனிடும் கலை இவ்விரண்டாம் வினாவினின்றே தொடங்குகின்றது. அக்கலையை ஒருவாறு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். பொதுப்படக் கூறிச் செல்வதினும், தமிழ் மக்கள் நன்கறிந்த பாம்பன் இருப்புப்பாதைப் பாலத்தை முன்னிறுத்திக் கூறுதல் தெளிவு பயக்கும் எனக் கருதுகின்றோம்.

பொறியியல் யாம் முறையாகப் பயின்ற துறையன்று. ஆயினும் இத்துறைப் பொருளைத் தமிழிற் கூற இயலாது என்பார்க்குக் கூறிக் காட்டுதலே தக்க விடை என்பது எம் துணிபு. இரு தூண்களுக்கு இடைப்பட்ட வெளியைக் கண் என்பது மக்கள் வழக்கு. அவ்வழக்கையே ஈண்டு மேற்கொள்கின்றோம். கண்ணின்மேல் நீளக் கிடந்து சுமை தாங்கும் எஃகு உறுப்பு உத்தரம். தகடுகளைச் சேர்த்துப் பிணிப்பதும் இருபுறமும் தலையுடையதுமான ஆணி தறையாணி. திருகிக் கழற்றத்தக்கது மரையாணி. பணிக்களத்தில் இவற்றைக் கர்டர், ரிவெட்டு, போல்ட்டு என்றே அழைப்பர்.

மண்டபத்தையும் பாம்பனையும் இணைத்த இருப்புப்பாதைப் பாலம் 1911-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, 1914-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதன் நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. 140-க்கு மேற்பட்ட கண்களை உடையது. அவற்றின் நடுவே, கலங்கள் கடந்து செல்லும்பொருட்டு இரு கூறாகப் பிரிந்து மேலெழும் கண் ஒன்று அமைந்திருந்தது. அவ்வமைப்பு முறையை வகுத்த அமெரிக்கப் பொறியியலார் வில்லியம் ஷெர்சர் பெயரால் அது ஷெர்சர் கண் என வழங்கப்பெற்றது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22, 23 நாள்களில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. இப்பாலத்தின் உத்தரங்களிற் பெரும்பகுதியையும் கடலுள் தள்ளியது. தூண்களும் ஷெர்சர் கண்ணும் நிலைத்து நின்றன. ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில், கடலில் வீழ்ந்த உத்தரங்கள் பலவற்றை மீட்டெடுத்து 46 நாள்களிற் பாலம் மீண்டும் செப்பனிடப்பெற்ற வரலாறு பலராலும் பாராட்டிக் கூறப்படுவது. 1988-ஆம் ஆண்டு சாலைப் பாலம் திறக்கப்படும்வரை இராமேசுவரத் தீவிற்குத் தரைவழி என்பது இவ்விருப்புப்பாதை ஒன்றே. 2007-ஆம் ஆண்டு அது அகலப் பாதையாக மாற்றப்பெற்றது.

இத்துணைப் பெரும்புயலுக்கும் தப்பிய ஷெர்சர் கண், துருவிற்குத் தப்பவில்லை. அக்கண்ணில் அரிமானம் மிகுந்தமையால் 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் பாலத்தின்மேல் புகைவண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பெற்றது. புயல் வீசி 58 ஆண்டுகள் நிறைந்த நாள் அது என்பது எதிர்பாராப் பொருத்தமே. எனினும் குறிக்காமல் விட மனம் ஒருப்படவில்லை.

துரு தோன்றுமாறு

இரும்பின் மேற்பரப்பு கண்ணுக்கு ஒரே தன்மையதாகத் தோன்றினும், ஈரம் படிந்தவுடன் அதன்கண் ஓரிடம் கரையவும் மற்றோரிடம் கரையாது நிற்கவும் காண்கின்றோம். கரையும் இடத்தினின்று மின்னணுக்கள் உலோகத்தின் வழியே மற்றை இடத்திற்குச் செல்கின்றன. அங்கு நீரிலுள்ள உயிர்வளி அவற்றை ஏற்றுக்கொள்கின்றது. இரு பொருள்களும் ஈரத்திற் கலந்து கூடுமிடத்துத் துரு விளைகின்றது. நீரில் உப்புக் கலந்திருப்பின் மின்னோட்டம் எளிதாகும், அரிமானமும் விரையும்.

கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்து அறிஞர் யூ. ஆர். எவான்ஸ் இதனை விளக்கச் செய்துகாட்டிய சோதனை மிக எளியது. துலக்கிய இரும்புத் தகட்டின்மேல் உப்புநீர்த் துளி ஒன்றை வைத்தார். துளியின் விளிம்பிற்குக் காற்று மிகுதியாகக் கிடைக்கும்; நடுவிடத்திற்குக் குறைவாகவே கிடைக்கும். காற்று மிகுந்த விளிம்பிலேதான் இரும்பு கெடும் என்றே நாம் எண்ணுவோம். கெட்டது நடுவிடம். காற்றுப் பெறாத இடமே கரைகின்றது. காற்றுப் பெற்ற இடம் அதனைக் கரையச் செய்கின்றது.

இச்சிறு துளியிற் கண்ட உண்மை பாலத்திற்கு எவ்வாறு பொருந்தும்? பழைய பாலங்களின் உத்தரங்கள் ஒரே வார்ப்பாய் அமைந்தவை அல்ல; பல தகடுகளையும் கோணச் சட்டங்களையும் தறையாணிகளாற் பிணைத்துச் செய்தவை. இரண்டு தகடுகள் பொருந்தும் இடத்தில் மயிரிழையளவு இடுக்கு இருப்பினும் ஈரம் உட்புகும். உட்புகுந்த ஈரத்திற்குக் காற்றுக் கிடைப்பதில்லை. எனவே ஆங்குள்ள இரும்பு கரைகின்றது. வெளியிலோ பூச்சு அழகுற விளங்கும். இவ்வாறு உள்ளே விளையும் துரு, தான் தோன்றுதற்குக் காரணமான இரும்பைப் போலப் பன்மடங்கு இடத்தை அடைக்கும் இயல்பினது. ஆதலின் அஃது ஆப்புப் போன்று நின்று தகடுகளை விலக்குகின்றது. தறையாணியின் தலையையே முறித்துவிடுதலும் உண்டு. தேர்ந்த தொழிலாளர், ஆணித்தலையின் ஒரு புறத்தில் விரலை வைத்துக்கொண்டு மறுபுறத்திற் சிறு சுத்தியலால் தட்டி, அதிர்வைக் கொண்டே ஆணி தளர்ந்ததா என அறிவர்.

பாம்பனின் இடர்ப்பாடு இதனினும் பெரிது. அலைத்திவலை ஒருபுறம், கடற்காற்றுச் சுமந்துவரும் நுண்ணுப்பு மற்றொருபுறம். மழையில்லாத காலத்தில் எஃகு காய்ந்திருக்கும் எனக் கருதுதல் பொருந்தாது. கடலுப்பில் நாம் உண்ணும் உப்போடு மக்னீசியக் குளோரைடும் கலந்துள்ளது. அது காற்றிலுள்ள சிறிதளவு ஈரத்தையும் ஈர்த்துத் தானே நீராகிவிடும் தன்மையது. மழைக்காலத்தில் உப்பும் உணவு உப்புக் கலயமும் நீர்விடுவதைக் கண்ட இல்லத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இந்நிலப்பகுதியின் அரிமான இயல்பை ஆராய்வதற்கென்றே, காரைக்குடியில் 1953-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நடுவண் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் ஆய்வுக்களம் ஒன்றை அமைத்துள்ளது. தகடுகளைக் கடற்காற்றில் ஆண்டுக்கணக்கில் நிறுத்தி எடையிழப்பைக் கணிப்பது அத்தகைய களங்களின் பணி.

எஞ்சியதை அளத்தல்

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போர், செல்லரித்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டி, எஞ்சிய எழுத்து இன்னது எனத் தெளிந்த பின்னரே பாடம் துணிவர். பாலப் பொறியாளரின் முதற்பணியும் அத்தகையதே. துருவின் செதில்களைக் கொத்துச் சுத்தியலாலும் கம்பித் தூரிகையாலும் அகற்றிய பின்னரே எஃகின் உண்மை நிலை வெளிப்படும். செதிலோடு சேர்த்து அளப்பின் தகடு முன்னினும் பருத்ததாகவே காணப்படும்! இரு பக்கமும் கை செல்லும் இடத்தில் இடுக்கியளவியே போதும். ஒரு பக்கம் மட்டுமே எட்டும் இடத்தில் மீயொலிக் கருவி பயன்படுகின்றது. எஃகினுள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் செல்லும். 10 மில்லிமீட்டர்த் தகட்டின் மறுபுறத்தே மோதி அது மீளுதற்கு ஒரு நொடியின் பத்திலக்கத்தில் 3.4 கூறே ஆகும். அந்நேரத்தை அளந்து பருமனைக் கருவி காட்டுகின்றது.

இழந்த பருமனைக் கொண்டு இழந்த வலிமையைக் கணக்கிடுதலிற் பிழை நேர்தல் எளிது. தகடு பாதியாகத் தேய்ந்தால் வலிமையும் பாதியாகும் என்பது இழுவிசைக்கு மட்டும் பொருந்தும். அமுக்கத்திற்கு உட்பட்ட மெல்லிய தகடு நெளிந்து மடிவதற்கு ஏற்கும் சுமை, பருமனின் மும்மடிக்கு ஏற்பக் குறைகின்றது. பருமன் பாதியானால் அச்சுமை எட்டில் ஒரு பங்காகிவிடும். நெடுங்காலம் தாங்கிய பாலம் நாளையும் தாங்கும் என்று கூறுவார் கூற்று இக்கணக்கின் முன் நில்லாது.

இனி, துரு எவ்விடத்தும் ஒப்பப் பரவுவதில்லை. உத்தரத்தின் முனை தூணின்மேல் அமரும் இடத்தில், இரண்டு கண்களுக்கு இடையேயுள்ள இடைவெளி வழியே நீர் ஒழுகும், மண்ணும் பறவை எச்சமும் படியும், காற்றோட்டம் இராது, பூசுவோர் தூரிகையும் எட்டாது. உத்தரத்தைக் குறுக்கே வெட்டும் விசை மிகுதியாக நிற்பதும் பெரும்பாலும் அவ்விடத்திலேதான்.

நீர் வடியாமையால் நேர்ந்த கேட்டிற்கு அமெரிக்க நாட்டுக் கனெக்டிகட் மாநிலத்து மியானஸ் ஆற்றுப் பாலத்தினும் தெளிவான சான்று இல்லை. 1983-ஆம் ஆண்டு சூன் 28-ஆம் நாள் அப்பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் வீழ்ந்து மூவர் இறந்தனர். அப்பகுதி, முளையிற் கோத்த தொங்குதகடுகளாற் பிடிக்கப்பட்டிருந்தது. முளைக்கும் தகட்டிற்கும் இடையே விளைந்த துரு சிறிது சிறிதாகத் தகட்டை வெளியே தள்ளி, இறுதியில் முளையினின்று கழற்றிவிட்டது. விபத்திற்குப் பத்தாண்டுகட்கு முன்னர்ச் சாலையைப் புதுப்பிக்கையில் வடிகால் வாய்கள் மூடப்பட்டன என்பது பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. எஃகில் யாதொரு குறையும் செய்தாரில்லை; நீர் போகும் வழியை அடைத்தனர், அவ்வளவே.

கொல்கத்தாவின் ஹௌரா பாலத்தின் கதை வேறு வகையது. 1943-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அப்பெரும்பாலத்தின் தொங்கு கம்பங்களின் அடிப்பகுதியில், கடந்து செல்வோர் உமிழ்ந்த வெற்றிலைச் சாறு படிந்து எஃகை அரித்தது. 6 மில்லிமீட்டர்ப் பருமனுடைய அடிமூடிகள் 2007-ஆம் ஆண்டிற்கும் 2011-ஆம் ஆண்டிற்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கும் குறைந்தன எனத் துறைமுகத்தார் கண்டனர். எழுதி வைத்த அறிவிப்புகளை நம்பாது, கழுவித் துடைத்தற்கு எளிய கண்ணாடியிழை உறைகளை அடிப்பகுதிக்கு அவர்கள் போர்த்தினர். மக்கள் வழக்கத்தை மாற்றுவதினும் உறையை மாற்றுவது எளிது எனத் துணிந்த அவர்தம் அறிவு பாராட்டத்தக்கது.

செப்பனிடுமாறு

மேற்கூறியவற்றால், செப்பனிடுதலின் முதற்படி எஃகைத் தொடுவதன்று, நீரை விலக்குவது என்பது போதரும். வடிகாலைத் திறத்தல், கண்களின் இடைவெளியை அடைத்தல், நீர் தேங்கும் குழிவுகளில் துளையிடுதல் ஆகியன செலவு குறைந்தவை. இவற்றைச் செய்யாது புதுத்தகடு வைத்துத் தைப்பின், பழைய தகட்டிற்கு நேர்ந்ததே புதியதற்கும் நேரும்.

எஃகைச் செப்பனிடுங்கால் அரிக்கப்பட்ட பகுதியை வெட்டி நீக்கிப் புதுத்தகடு பொருத்துவர். அல்லது எஞ்சிய தகட்டின்மேல் மற்றொரு தகட்டைச் சேர்ப்பர். எவ்வாறாயினும் புதுத்தகடு துருவிடத்தின் எல்லையோடு நின்றுவிடாமல் நல்ல எஃகு உள்ள இடம்வரை நீள வேண்டும். நைந்த துணிக்கு ஒட்டுப் போடுவோர் இதனை அறிவர். ஈண்டு நுட்பமான செய்தி ஒன்று உண்டு. பாலம் தன் எடையைத் தாங்கிநிற்கும் நிலையிலேயே புதுத்தகட்டை இணைப்பின், அத்தகடு அப்பொழுதுள்ள சுமையில் எப்பங்கும் ஏற்பதில்லை. தேய்ந்த பழந்தகடே அதனை முன்போலத் தாங்கிக்கொண்டிருக்கும். இணைத்த பின்னர் வரும் வண்டியின் சுமையை மட்டுமே இரண்டும் பகிர்ந்துகொள்ளும். எனவே தேய்வு மிகுந்த இடத்தில், ஜாக்கிகளைக் கொண்டு உத்தரத்தைச் சிறிது உயர்த்தி, உறுப்பின் சுமையை இறக்கிய பின்னரே தகட்டைப் பிணித்தல் முறை. பிணித்தபின் ஜாக்கியைத் தளர்த்தினால் புதியதும் பழையதும் ஒருங்கே சுமை ஏற்கும். இதனை உணராது தடித்த தகடொன்றை ஒட்டிவிட்டு வலிமை கூடிற்று என்பது வெறுந் தோற்றமே.

பழைய தறையாணிகளை ஒரே முறையில் கழற்றிவிடலாகாது. சிலவற்றை நீக்கி, அவ்விடத்தே மரையாணிகளை முடுக்கி, அதன்பின் அடுத்தவற்றிற்குச் செல்வர். இக்காலத்திற் காய்ச்சிய தறையாணி அடிக்க வல்ல தொழிலாளர் அருகிவிட்டமையால், உயர்வலிமை மரையாணிகளே எங்கும் பயன்படுகின்றன. பற்றவைத்தல் எளிது எனத் தோன்றினும், நூறாண்டுக்கு முற்பட்ட எஃகில் கந்தகமும் எரியமும் மிகுந்திருத்தல் கூடும். அத்தகைய எஃகு பற்றவைத்த இடத்தை ஒட்டி வெடிக்கும். சிறு துண்டை வெட்டி ஆய்ந்து பார்க்காமற் பற்றவைப்புக் கோலை எடுத்தல் தகாது.

பூச்சுப் பணியையே பலரும் செப்பனிடுதல் எனக் கருதுவர். அதன் வெற்றி தோல்விகளோ பெரும்பாலும் பூச்சின் வகையால் அன்றி, பூசுதற்கு முன் செய்யும் துப்புரவினாலேயே அமைகின்றன. கூரிய துகள்களைக் காற்றழுத்தத்தால் எஃகின்மேல் வீசித் துருவை முற்றும் போக்குவர். அவ்வாறு போக்கி, மாலையில் வெள்ளி போல் விளங்கிய தகடு, மறுநாட் காலையில் செம்மஞ்சளாகிக் கிடத்தல் கடற்கரையோரத்தில் இயல்பு. பழங்குழிகளின் அடியில் எஞ்சிய உப்பே அதற்குக் காரணம். அவ்வுப்பின்மேல் எத்துணை உயர்ந்த பூச்சைப் பூசினும் அது கொப்புளித்து உரியும். எனவே நன்னீரால் அலம்பி, உப்பு எஞ்சியுள்ளதா எனச் சோதித்து, மீண்டும் துகள் வீசி, அன்றே அடிப்பூச்சை இடுதல் வேண்டும். பனிபடியும் வெப்பநிலையினும் எஃகு குறைந்தது 3 பாகையேனும் மிகுந்த வெப்பமுடையதாய் இருக்கும்பொழுதே பூச வேண்டும் என்பது விதி. அன்றேல் கண்ணுக்குப் புலனாகா ஈரத்தின்மேற் பூசியதாகும். விளிம்புகளிலும் ஆணித்தலைகளிலும் பூச்சு வழிந்து மெலிந்துவிடும். ஆதலின் அவ்விடங்களுக்கு மட்டும் தூரிகையால் ஒரு முறை தனியே பூசுவர்.

முற்காலத்தில் அடிப்பூச்சாகப் பயன்பட்டது ஈயச் செந்தூரம். அது துருவை நன்கு தடுத்தது, ஆயின் நச்சுடையது. அதனைச் சுரண்டி எடுக்கையில் எழும் தூள் தொழிலாளர் உடலிற் சேரும். பழம்பாலங்களிற் பணிபுரிவோர் முகமூடியும் சுற்றுத்திரையும் இன்றி அப்பூச்சை அகற்றுதல் கூடாது. கடற்கரைப் பாலங்களுக்கு இந்திய இருப்புப்பாதைத் துறையினர் அலுமினியத்தை உருக்கித் தெளிக்கும் முறையை விதித்துள்ளனர். அப்படலத்தின் பருமன் 150 மைக்ரான் அளவினது. அதன்மேல் வேறு பூச்சுகளும் அமையும். துத்தநாகமோ அலுமினியமோ இவ்வாறு எஃகின்மேல் அமையின், கீறல் நேர்ந்தவிடத்தும் அவை தாம் முதலிற் கரைந்து எஃகைக் காக்கும்.

ஸ்காட்லாந்து நாட்டில் 1890-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஃபோர்த் பாலத்திற்குப் பூசும் பணி ஒரு முனையில் முடியுமுன் மறுமுனையில் தொடங்க வேண்டும் என்பது ஆங்கிலத்திற் பழமொழியாகவே நிலவியது. 2001-ஆம் ஆண்டிற்கும் 2011-ஆம் ஆண்டிற்கும் இடையே பழம்பூச்சு நீக்கப்பட்டு, கண்ணாடிச் செதில் கலந்த பூச்சு உட்பட மூன்றடுக்குப் பூச்சு இடப்பட்டது. அது 25 ஆண்டுகட்குக் குறையாமல் நிற்கும் என எதிர்பார்க்கின்றனர். அப்பழமொழி பொருளிழந்தது, வழக்கு மட்டும் எஞ்சியுள்ளது.

பாம்பனில் நிகழ்ந்தது

இவ்வளவு முறைகள் இருந்தும் ஷெர்சர் கண்ணைச் செப்பனிட்டு மீட்க இயலாமற் போனது ஏன் என்பதே இனி ஆராயத்தக்கது.

பாம்பன் பாலத்தின் ஏனைய கண்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 அடி நீளமுடையன. அத்தகைய உத்தரம் கெடின், சில மணி நேரம் போக்குவரத்தை நிறுத்தி அதனை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். 1964-ஆம் ஆண்டின் விரைவான மீட்பும் இவ்வெளிமையினாலேயே கைகூடிற்று. ஷெர்சர் கண்ணோ துண்டு துண்டாக மாற்றத்தக்கதன்று. அதன் இரு இறக்கைகளும் தனித்தனியே எதிர்ப்பளுவால் சமன்செய்யப்பட்டவை. அச்சமநிலையினாலேயே, நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள இறக்கைகளை மனிதர் தம் கைவலியால் திறந்து மூட முடிந்தது. தேய்ந்த இடந்தோறும் தகடு சேர்த்துக்கொண்டே சென்றால் இறக்கையின் எடை கூடும். தராசின் ஒரு தட்டில் மட்டும் படிக்கல் ஏற்றியது போலாகும். அன்றியும் இவ்வகைப் பாலத்தில் இறக்கையின் அடிப்புறம் தொட்டில் போல் வளைந்து, தடத்தின்மேல் உருண்டே எழும். உருளும் இரும்பின்மேற் பூச்சு நில்லாது. ஒட்டுத்தகடு வைத்தற்கும் ஆங்கு இடமில்லை. உப்புக்காற்றிற்கு வெற்றுடம்பாய் நிற்பது அவ்விடம். பல தகடுகளைத் தறையாணியாற் பிணித்த உறுப்புகளின் உட்புறமோ, முன்னர்க் கூறிய இடுக்குகள் நிறைந்தது. கழற்றினாலன்றிக் கை புகாது. கழற்றினால் இறக்கை நில்லாது.

2018-ஆம் ஆண்டு டிசம்பரில் இக்கண்ணிற் பழுது காணப்பட்டுச் சில மாதம் போக்குவரத்து நின்றது. செப்பனிட்ட பின்னர் வண்டிகள் மீண்டும் மெல்லச் சென்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் பொருத்திய உணர்கருவிகள் பாலத்தின் நிலையைக் காட்டிக்கொண்டிருந்தன. இவற்றால் பாலம் சில ஆண்டு கூடுதலாக உழைத்தது. ஆயின் எஞ்சியதை அளக்கும் கணக்கு ஒரு நாள், இனிச் சேர்ப்பதற்கு இடமில்லை என விடை கூறும். 2022-இல் அவ்விடை வந்தது.

அப்பொழுது சிலர், பேணாது விட்டமையால் பாலம் கெட்டது என்றனர். 1914 முதல் 2022 வரை 108 ஆண்டுகள் கடலின் நடுவே தறையாணிப் பாலம் ஒன்று வண்டி தாங்கியதை நோக்குவார்க்கு அக்கூற்று முழுதும் ஏற்புடையதாகாது. 46 நாள் மீட்பு வரலாற்றில் எழுதப்பட்டுள்ளது, எழுதப்படவும் தக்கதே. சாரத்தில் அமர்ந்து உப்பைக் கழுவி, செதிலைச் சுரண்டி, ஆணியைத் தட்டிப் பார்த்து, பூச்சிட்டுக் கழிந்த நூற்றாண்டு உழைப்பிற்கோ வரலாறு என ஒன்று எழுதப்பட்டதாக யாம் கண்டிலம். தொழிலாளர் சொல்வழக்குகளையேனும், அவற்றை வழங்கும் முதியோர் உள்ளபோதே தொகுத்தல் தமிழ்த்துறையினரால் இயலும் பணி. கண், கை, இறக்கை, தொட்டில் என உடலும் இல்லமும் சார்ந்த பெயர்களால் மக்கள் எந்திர உறுப்புகளை அழைக்கும் திறம் தனியே ஆராயத்தக்கது.

2022 டிசம்பர் முதல் இரண்டு ஆண்டுகட்கு மேலாகப் புகைவண்டிகள் மண்டபத்தோடு நின்றன. இராமேசுவரம் செல்வோர் ஆங்கிறங்கிச் சாலைவழியே கடலைக் கடந்தனர். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், பழையதன் அருகே புதுப்பாலம் திறக்கப்பெற்றது. அதன் நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள கண், பிரிந்து சாயாமல், கிடந்த நிலையிலேயே 17 மீட்டர் உயரத்திற்கு நேரே மேலெழுகின்றது. எனவே உருளும் தொட்டிலும் தடமும் அதற்கு இல்லை. தகடுகள் தறையாணிக்கு மாறாகப் பற்றவைப்பால் இணைக்கப்பட்டமையின், நீர் புகும் இடுக்குகள் பெரிதும் ஒழிந்தன. கற்காரையினுள் துருவேறா எஃகுக் கம்பிகள் இடப்பட்டுள்ளன. வெளியிற் பாலிசிலாக்சேன் என்னும் பூச்சு அமைந்துள்ளது. ஷெர்சர் கண்ணைக் கெடுத்த காரணங்கள் ஒவ்வொன்றிற்கும் புதுப்பாலத்தில் ஒரு விடை காணப்படுகின்றது. கண்ணை உயர்த்தும் கம்பி வடங்களும் அவை சுழலும் உருளைகளும் மட்டும் பழம்பாலத்தில் இல்லாதவை. பல நுண்கம்பிகளை முறுக்கிச் செய்த வடத்தில் இடுக்குகள் உண்டு. ஆதலின் அவற்றிற்கு மசகிடும் பணி இப்பொழுது மண்டபத்தார்க்குப் புதிதாகச் சேர்ந்துள்ளது.